ஒன்று நிற்க, இரண்டு கிளம்ப

அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து எத்தனையோ முறை காபி குடித்திருக்கிறார். நாற்காலியை இழுத்துப் போட்டால், "இருக்கட்டும் டீச்சர்" என்று அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நிற்பார் என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன். இடது காலிலிருந்து வலது காலுக்கும் வலது காலிலிருந்து இடது காலுக்கும் உடம்பை மாற்றிக்கொண்டே இருப்பார். டம்ளர் மட்டும் ஆடாது. ஒரு சொட்டுக் காபி சிந்தி நான் கண்டதில்லை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியை விட்டு இறங்கி வெகுநாளாகியும் அவர் கால்களுக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

இப்போது மேடவாக்கத்தில் மகளோடு அடுக்குமாடி வீட்டில் இருப்பதாகக் கேள்வி. அவரை நினைத்தால் எனக்கு ஒன்றும் கவலையில்லை. அவருக்குக் கீழ்வீட்டில் இருப்பவர்களை நினைத்தால்தான் கவலை.

அப்போது பீர்க்கன்கரணையில், ஏரிக்குப் பின்பக்கத் தெருவில், எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு அவருடையது. நான் விடியற்காலையில் எழுந்து மோட்டார் போட வெளியே வந்தால் அவர் தெருமுனையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருப்பார். பால் பாக்கெட் எடுக்க வந்தால் மறுபடி தெருமுனைக்குப் போய்க்கொண்டிருப்பார். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போதும் அதே. வெயில் ஏறினால் மட்டும் வீட்டுக்குள் போவார். அது அவர் மனைவிக்குக் கெட்ட நேரம்.

"வூட்ல இருந்தார்னா ஒரே பேஜாரு டீச்சர்" என்று அந்த அம்மா என்னிடம் புலம்புவார். "ஓடற ஃபேனை நிறுத்திட்டு ரெகுலேட்டர கழட்டறாரு. அரிசி டப்பாவ எடம் மாத்தறாரு. அடுப்புல கொழம்ப வெச்சிட்டு உப்பு எங்க கீதுன்னு நான் தேடிகினு கீறேன்."

எனக்கும் இருப்புக்கொள்ளாத உடம்புதான். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறேன். ஒரு கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் வகுப்பைப் பலமுறை சுற்றி வந்துவிடுவேன். பஸ் வர நேரமானால் அடுத்த நிறுத்தத்துக்கு நடக்க ஆரம்பித்துவிடுவேன். பாதி வழியில் இருக்கும்போது பழைய நிறுத்தத்துக்குப் பஸ் வந்து, என்னைத் தாண்டிக்கொண்டு போகும். அதனாலேயே அவரைப் பார்த்தால் எரிச்சலும் வரும், நம்மாள் என்றும் தோன்றும்.

இந்த மனிதரிடம்தான் ஒரு குதிரையை நிற்கப் பழக்கும் வேலை வந்து சேர்ந்தது.

குதிரை அவருடைய தங்கை கணவருடையது. அவர் பெருங்களத்தூரில் கல்யாணங்களுக்குப் பந்தல், சீரியல் லைட், மேடை அலங்காரம் எல்லாம் செய்துகொடுப்பவர். மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றி மண்டபத்துக்கு அழைத்து வருவது எங்கள் பக்கமும் ஃபேஷனான காலம். ரேஸில் ஓடிக் கழித்துவிட்ட குதிரை ஒன்றை வாங்கிவந்து, எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் தகரக் கொட்டகை போட்டுக் கட்டினார். செங்கல் நிறம், நெற்றியில் வெள்ளைத் திட்டு, பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. ஒரே குறை, நிற்காது. யாராவது காலைத் தூக்கி ஏறப் போனால் நகர்ந்துவிடும். ஓடுவதற்கென்றே வளர்த்த உடம்பு அது. கல்யாணத் தொழிலிலோ குதிரை ஓட வேண்டிய அவசியமே கிடையாது. மாப்பிள்ளை ஏறும்வரை நிற்க வேண்டும், போட்டோ எடுக்கும்வரை நிற்க வேண்டும், அத்தை ஆரத்தி சுற்றும்வரை நிற்க வேண்டும்.

"தை பொறந்து மொத முகூர்த்தத்துக்கு புக்கிங் கீது மச்சான்" என்றாராம் தங்கை கணவர். "அதுக்குள்ள நின்னா வெச்சிக்கறேன். இல்லன்னா கைமாத்தி வுட்டுடுவேன்."

"நான் நிக்க வெக்கிறேன் மாப்ள" என்றிருக்கிறார் இவர்.

இதை அவர் மனைவி என்னிடம் சொன்னபோது இருவரும் வாசலில் நின்று சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது.

குதிரைக்கு ரேஸில் ஏதோ நீளமான இங்கிலீஷ் பெயர் இருந்திருக்கிறது. இவர் அதை "சார்" என்றுதான் கூப்பிட்டார். "சார் இன்னும் தண்ணி குடிக்கல", "சாருக்கு இன்னிக்கி மூடு சரியில்ல" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வரும். முதல் நாள் என் கணவர், தன்னைத்தான் கூப்பிடுகிறாரென்று பல் துலக்கிக்கொண்டே ஓடிப்போனார். ஏன் இந்த மரியாதை என்று கேட்டேன். "ரெண்டு காலா இருந்தா இன்னா, நாலு காலா இருந்தா இன்னா? நம்ம பொறுப்புல வந்துட்டா சார்தான் டீச்சர்" என்றார்.

எங்கள் பின்கட்டுச் சுவர் மார்பளவு உயரம். பாத்திரம் தேய்த்தபடியே அவருடைய பயிற்சியைத் தினமும் பார்ப்பேன். குதிரைகளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கூட்டத்தைப் பற்றித் தெரியும். நேராக முகத்துக்கு முன்னால் போகமாட்டார். "மூஞ்சிக்கு நேரா போய் டிக்கெட்டுனு நின்னா எந்தப் பாசஞ்சரும் மொறைப்பான். தோள் பக்கமா போணும்" என்பார். தொடுவதற்கு முன் குரல் கொடுப்பார். கயிற்றைப் பிடித்து இழுக்கமாட்டார். கேரட் துண்டுகளைக் கையில் நீட்டாமல் பக்கெட்டில் போட்டு வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். கையில் கொடுத்து அது விரலையும் சேர்த்துக் கடித்ததிலிருந்து வந்த ஞானம் அது. கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில், பிடரிமயிர் முடிகிற மேட்டில், நகத்தால் சொறிந்துகொடுப்பார். அப்போது குதிரையின் கீழ் உதடு தொங்கிப்போகும். மார்கழிக் குளிர் வருவதற்குள் அவர் செருப்புச் சத்தம் தெருவில் கேட்டாலே கொட்டகைக்குள்ளிருந்து ஒரு கனைப்பு எழும். அவர் மனைவி வாசலில் கோலம் போட்டுக்கொண்டே, "போங்க, கூப்புடுது" என்பார்.

விசில் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வேலை பார்த்த காலமெல்லாம் கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை போய்விட்டது. கொஞ்சம் உரக்கப் பேசினால் இருமல் வரும். அதனால் பழைய கண்டக்டர் விசிலைப் பெட்டியிலிருந்து எடுத்தார். ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும். இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். குதிரை நின்ற கணமே கயிற்றைத் தளர விட்டு, சொறிந்துகொடுத்து, கொஞ்ச நேரம் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுவார். குதிரை இதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. தெருக்காரர்கள் பிடித்துக்கொள்ள நேரமாயிற்று. விடிந்தும் விடியாத நேரத்தில் விசில் கேட்டு, தூங்கி வழிந்துகொண்டு இறங்க எழுந்தவர்கள் உண்டு.

ஆனால் ஒரு மூச்சுக்கு மேல் அது நிற்கவில்லை. விசில் கேட்டதும் சட்டென்று நிற்கும். அடுத்த நிமிஷம் தலையை ஆட்டிவிட்டு நடக்க ஆரம்பிக்கும். இவரும் கூடவே நடப்பார். மறுபடி விசில், மறுபடி நிற்றல், மறுபடி நடை. மனை முழுக்க இருவரும் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். யார் யாரைப் பழக்குகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒருநாள் பொறுக்கமுடியாமல் சுவரைத் தாண்டிச் சொல்லிவிட்டேன்.

"கண்டக்டர் சார், அது நிக்கத்தான் செய்யுது. நீங்கதான் நிக்கலை."

"நின்னுகினுதானே கீறேன்?"

"காலைப் பாருங்க."

குனிந்து தன் கால்களைப் பார்த்தார். வேறு யாருடைய கால்களோ தன் வேட்டிக்குக் கீழே வந்து நிற்கிற மாதிரி பார்த்தார். கால்கள் மாறி மாறி ஆடிக்கொண்டிருந்தன.

"நான் கிளாஸ்ல நடந்துகிட்டே பாடம் எடுத்தா பசங்க நெளிவாங்க" என்றேன். "நான் மேஜையைப் பிடிச்சிகிட்டு நின்னாத்தான் அவங்களும் அடங்குவாங்க."

"அப்ப நீங்க நிப்பீங்களா டீச்சர்?"

"முயற்சி பண்ணுவேன்."

மறுநாள் பார்த்தால், மனையில் கிடந்த பழைய லாரி டயரைக் கழுவி நடுவில் போட்டு, அதற்குள் போய் நின்றிருந்தார். டயரை விட்டு வெளியே வரக்கூடாது, அதுதான் அவர் தனக்கு வைத்துக்கொண்ட சட்டம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். முகத்தைப் பார்த்தால் பல் பிடுங்க உட்கார்ந்தவருடைய முகம். தலைக்கு மேல் விமானப்படைக்காரர்களின் பயிற்சி விமானம் ஒன்று போயிற்று. குதிரை மிரண்டு கயிற்றை இழுத்தது. இவர் டயரிலிருந்து ஒரு காலை வெளியே எடுத்துவிட்டு, திருட்டுத்தனமாக என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே வைத்துக்கொண்டார்.

நாட்கள் போயின. கால் ஆடுவது குறைந்தது. முதலில் ஒரு பக்கம் மட்டும் நின்றது, பிறகு இரண்டும். ஒரு காலையில் நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தபோது மனையில் சத்தமே இல்லை. கயிறு தரையில் கிடந்தது. டயருக்குள் அவர் நின்றிருந்தார். குதிரை அவருக்குப் பின்னால் வந்து, தாடையை அவர் தோளில் வைத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி நின்றிருந்தது. அவர் திரும்பவில்லை. என்னைப் பார்த்து மெதுவாக, உதடு மட்டும் அசைகிற மாதிரி சொன்னார்.

"டீச்சர், கால் சும்மா கீது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, காலங்காத்தாலே பாத்திரமும் கையுமாக நின்று அழுவதற்கு. ஆனாலும் அந்த மனிதர் நிம்மதியாக நின்று நான் பார்த்த முதல் தடவை அதுதான்.

அதற்கு முந்தைய ஐப்பசி மழையில் நடந்த ஒன்றும் நினைவுக்கு வருகிறது. ஏரி நிறைந்து எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. தகரக் கொட்டகை மேல் மழை கொட்டுகிற சத்தத்தில் குதிரை உள்ளே சுற்றிச் சுற்றி வந்தது. கால் வழுக்கி விழுந்தால் எலும்பு முறிந்துவிடும் என்று இவருக்குப் பயம். முழங்கால் தண்ணீரில் அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, அது நகரும்போதெல்லாம் ஒரு விசில் கொடுத்துக்கொண்டிருந்தார். மதியம் சாப்பாட்டுக்கு மனைவி கூப்பிட்டும் வரவில்லை. நான் குடையோடு போய்ப் பார்த்தேன்.

"வேலைக்குச் சேந்தப்ப மொதல்ல இதான் டீச்சர் கத்துகினோம்" என்றார், தண்ணீருக்குள் கால்களை அகட்டி வைத்துக் காட்டி. "ரெண்டு கையும் டிக்கெட்டுக்கும் சில்லறைக்கும் வேணும். கம்பிய புடிக்க முடியாது. வண்டி ஆடும், நீ ஆடாதன்னுவாங்க. டிரைவர் பிரேக் போடறதுக்கு முன்னாடி கால அகட்டி வெச்சிகினா வுழ மாட்ட. அதத்தான் சாருக்கும் சொல்லிகினு கீறேன்."

அது கேட்டதா என்று நான் கேலியாகக் கேட்டேன். குதிரையின் முன்னங்கால்களைக் கைகாட்டினார். கலங்கல் தண்ணீரில் சரியாகத் தெரியவில்லை. ஆனால் அது விழவில்லை.

தை பிறந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு முதல் நாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, "நீங்க வந்து பாக்கணும் டீச்சர். நாளைக்கி நின்னா சார் இங்கியேதான்" என்றார். காபியை வாங்கி நின்றுகொண்டே குடித்தார். கால் மறுபடியும் ஆடிக்கொண்டிருந்தது.

மண்டபம் ஜிஎஸ்டி ரோட்டில். சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக அங்கே போனேன். குதிரைக்குச் சிவப்பு வெல்வெட், நெற்றியில் குஞ்சலம். அது சங்கடப்பட்ட மாதிரி தெரியவில்லை. இவர் பட்டு வேட்டியில் அதன் தோள் பக்கம் நின்றிருந்தார், விசில் கழுத்தில். மாப்பிள்ளை ஸ்டூலில் ஏறி, சேணத்தில் ஏறத் தடுமாறி, ஒருமுறை பிடரியைப் பிடித்துத் தொங்கினார். குதிரை நின்றது. பேண்ட் வாத்தியம் காதுக்குப் பக்கத்தில் முழங்கிற்று. நின்றது. தலைக்கு மேலே வீடியோக்காரரின் ட்ரோன் பறந்தது. நின்றது. தங்கை கணவர் இவர் முதுகில் தட்டினார். இவர் என்னைத் தேடிக் கண்டுபிடித்துத் தலையை ஆட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது, ஏதோ நான்தான் பழக்கியது போல.

மண்டபத்துக்குப் பக்கத்திலேயே பஸ் ஸ்டாப். தாம்பரம் போகிற பஸ் ஒன்று வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். கண்டக்டர் இரண்டு விசில் அடித்தார்.

குதிரை கிளம்பிவிட்டது.

மிரளவில்லை, ஓடவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டு ஒழுங்காக, கம்பீரமாக, பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே ரோட்டில் நடந்தது. மேலே மாப்பிள்ளை. பின்னால் பேண்ட்காரர்கள் வாசிப்பதை நிறுத்தவா தொடரவா என்று தெரியாமல் நடந்தார்கள். இவர் ஓடிக்கொண்டே ஒரு விசில் கொடுத்தார். குதிரை நின்றது. பஸ்ஸும் நின்றது. யாரோ இறங்கப் போகிறார்கள் என்று டிரைவர் நினைத்திருக்கிறார். யாரும் இறங்கவில்லை என்றதும் கண்டக்டர் மறுபடி இரண்டு அடித்தார். பஸ் கிளம்பியது. குதிரையும் கிளம்பியது. இவர் மறுபடி ஒன்று. இரண்டும் நின்றன. பின்னால் லாரிகளும் கார்களும் ஹாரன் அடித்துத் தள்ளின. கல்யாண வீட்டார் பாதிப் பேர் கத்தினார்கள், மீதிப் பேர் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

இவர் பஸ் ஜன்னலைத் தட்டி, "தம்பி, விசில் அடிக்காத. உன் கால்ல வுழறேன், வாயால சொல்லி அனுப்பு" என்று கெஞ்சினார்.

"இன்னாண்ணா, எதுக்கு?" என்றார் கண்டக்டர்.

"அப்பறமா சொல்றேன். வாயால சொல்லு."

"போலாம் ரைட்" என்று அந்தப் பையன் வாயால் சொன்னான். பஸ் போனது. குதிரை நின்றது. ஆனால் அதற்குள் மாப்பிள்ளை பயந்துபோய்த் தானே குதித்து, மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார்.

வாழ்நாளெல்லாம் பஸ்ஸில் இருந்தவருக்கு இது தோன்றவில்லை. தினம் அதே பஸ்ஸில் போகிற எனக்கும் தோன்றவில்லை. எங்கள் தெருவுக்குள் பஸ் வராது. அந்த மனைக்குள் ஊதிக்கொண்டிருந்த வரையில் அது உலகத்திலேயே ஒரே ஒரு குதிரைக்கான விசிலாக எங்களுக்கு இருந்திருக்கிறது.

"அது தப்பே பண்ணல டீச்சர்" என்று மறுநாள் முழுக்கத் தெருவில் போய்வந்தபடி சொல்லிக்கொண்டிருந்தார். "ரைட் குடுத்தாங்க, போச்சு. நிறுத்துன்னேன், நின்னுச்சு. அது மேல இன்னா தப்பு?"

தங்கை கணவர் வந்தபோது, "ஒரு மாசம் டைம் குடு மாப்ள. வேற சத்தம் கத்துக்குடுக்கறேன். கை தட்டி நிறுத்தறேன்" என்று இவர் கேட்டார். இவர் இப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. பஸ் கண்டக்டரிடம் கெஞ்சியதைவிட மோசமாக இருந்தது.

"கல்யாணத்துல கை தட்டாம இருப்பாங்களா மச்சான்? இல்ல, ரோட்ல பஸ் வராத நாளா பாத்து முகூர்த்தம் வெப்பாங்களா?" என்றார் தங்கை கணவர். அவரைக் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. "சிங்கப்பெருமாள் கோவில் ஊரத் தாண்டி ஒரு பண்ணையில கேக்கறாங்க. குதிரை ஓட்டக் கத்துக்குடுக்கற எடம். நல்லா பாத்துப்பாங்க."

"அங்க பஸ் வருமா?"

"வராது."

"அப்ப நல்ல எடம்தான்" என்றார் இவர். சொல்லிவிட்டுத் தெருமுனைக்கு நடந்தார். திரும்பி வந்தார். மறுபடி நடந்தார். அன்றைக்கு அவர் வீட்டுக்குள் போனதாகவே எனக்குத் தெரியவில்லை. அவர் மனைவி வாசலில் உட்கார்ந்திருந்தார். அவரும் அன்றைக்கு ஒன்றும் புலம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மினி லாரி வந்தது. பின்பக்கம் பலகையைச் சாய்த்துப் போட்டார்கள். குதிரை ஏறவில்லை. கூட வந்த ஆட்கள் இருவர் கயிற்றை இழுத்தார்கள், பின்னாலிருந்து தள்ளினார்கள், பக்கெட்டைக் காட்டினார்கள். அது முரண்டு பிடிக்கவில்லை, உதைக்கவில்லை. மனை நடுவில், அந்த டயருக்குப் பக்கத்தில், அசையாமல் நின்றது. அவர் பழக்கியபடியே நின்றது. ஒருவர் வேலியிலிருந்து குச்சியை ஒடித்தார்.

தெருமுனையிலிருந்து இவர் வந்தார். அவ்வளவு வேகமாக நடந்து அவரை நான் பார்த்ததில்லை.

"கைய எடு" என்றார். குச்சி கீழே விழுந்தது.

தோள் பக்கமாகப் போனார். பிடரி மேட்டில் சொறிந்துகொடுத்தார். குதிரையின் உதடு தொங்கியது. "சார், ஏறுங்க. முன்னாடி காலியா கீது" என்று சொல்லப் பார்த்தார். பாதியில் இருமல் வந்துவிட்டது. விசிலை வாயில் வைத்தார். எடுத்தார். சட்டையில் துடைத்தார். அவர் ஊதாமல் இருந்தால் அந்தக் குதிரை எங்கும் போகாது என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. ஊதாதீங்க என்று சுவருக்கு இந்தப் பக்கம் நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு விசில் அடித்தார்.

குதிரை பலகை மேல் ஏறி உள்ளே போயிற்று. பின்கதவைத் தூக்கிக் கொக்கி மாட்டினார்கள். வண்டி கிளம்பியது. அது எங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து ஒரு விசில் கேட்டது, நீளமாக.

டிரைவர் பிரேக் போட்டுவிட்டுத் தலையை வெளியே நீட்டினார். "இன்னாண்ணா? எதுனா வுட்டுட்டமா?"

"உனக்கில்லப்பா" என்றார் இவர். "நீ போ."

தெருமுனைப் பள்ளத்தில் இறங்கி வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. பின்கதவுப் பலகைகளின் இடுக்கில் நாலு கால்களும் தெரிந்தன. அகட்டி வைத்திருந்தது.